திருப்பிப் போடாத கை

எழிலரசி போட்டோ மிக்ஸிங் கற்றுக்கொண்ட புதிதில் ஒரு கல்யாணப் பெண்ணைச் சேட்டு வீட்டுப் பெண்ணாக்கிவிட்டாள். அடி அண்ணாமலை ஊரில் நடந்த கல்யாணம் அது. படத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தால் ஆல்பத்துக்கு அழகு என்று பெண்ணின் படத்தைக் கம்ப்யூட்டரில் இடவலமாகத் திருப்பிப் போட்டாள். முகம் சரியாகத் திரும்பிக்கொண்டது. கூடவே முந்தானையும், சேட்டு வீட்டுப் பெண்கள் போடுகிற மாதிரி, வலது தோளுக்குப் போய்விட்டது. வலது மூக்கில் இருந்த மூக்குத்தி இடது மூக்குக்குத் தாவிவிட்டது. அதை எழிலரசியும் கவனிக்கவில்லை, ஸ்டுடியோ முதலாளி சக்கரபாணியும் கவனிக்கவில்லை. மாமியார் கவனித்தார். ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தேரடி வீதிக்கே வந்து, "எம் மருமவ எப்பம்மா சேட்டு ஊட்டுப் பொண்ணு ஆனா?" என்று கேட்டார். தெருவே சிரித்தது. பக்கத்துக் கடையில் இருந்த நான் கொஞ்சம் ஜாஸ்தியாகவே சிரித்தேன்.

நான் ஃப்ரேம் கடை மூர்த்தி. சாமி படமோ ஆசாமி படமோ, கண்ணாடி வெட்டிச் சட்டம் அடித்துக் கொடுப்பது என் தொழில். எனக்கு வாய் நீளம் என்று என் வீட்டில் சொல்வார்கள். கண்ணாடி வெட்டுகிறவனுக்கு நாக்கும் கொஞ்சம் கூராகத்தான் இருக்கும். அந்த நாக்குக்கு எழிலரசி அளவுக்குத் தீனி போட்டவர்கள் யாரும் இல்லை. இன்று அதே நாக்கால் அவளைப் புகழப் போகிறேன், அதனால் கேட்கிறவர்கள் நம்பலாம்.

அவளுக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். நெல்லும் மல்லாட்டையும் போடுகிற குடும்பம். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை என்று யாராவது கேட்டால் அவர் வெளியூர் என்று தெரிந்துகொள்வோம். வேன் ஓட்டுகிற பரசுராமனைக் கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தாள். தொண்ணூற்றெட்டில் சக்கரபாணியின் ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தாள். பாஸ்போர்ட் போட்டோவை வெட்டுவது, ஆல்பத்தில் படம் ஒட்டுவது, நெகடிவில் பென்சிலால் முகப்பருவை மறைப்பது, இதுதான் வேலை. பிறகு இரண்டாயிரத்து இரண்டில் சக்கரபாணி கம்ப்யூட்டர் வாங்கினார். வாங்கி, அதன் முன்னால் உட்காரப் பயந்து, எழிலரசியை உட்கார வைத்தார்.

மிக்ஸிங் என்றால், பல படங்களிலிருந்து வேண்டியதை மட்டும் வெட்டி எடுத்து ஒரே படமாகச் சேர்ப்பது. அந்தக் காலத்தில் கல்யாண ஆல்பத்தில் மிக்ஸிங் இல்லாவிட்டால் அது ஆல்பமே இல்லை. அதற்கென்று சக்கரபாணி சென்னையிலிருந்து சி.டி. வாங்கி வருவார். அதில் பனிமலை இருக்கும், அன்னப்பறவை இருக்கும், வெள்ளைக்காரன் அரண்மனை இருக்கும். கீழ்பென்னாத்தூர்ப் பெண்ணை வெட்டியெடுத்துப் பனிமலையில் நிற்க வைக்க வேண்டியது. இரண்டு வருஷம் எழிலரசியும் எல்லாரையும் பனிமலைக்கு ஏற்றினாள். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள்.

"ண்ணா, இந்தப் பொண்ணப் பாருங்க. வெறும் பட்டுப் புடவையோட பனியில நிக்குது. குளிராதா?"

"அதுக்கு நான் இன்னா பண்றதும்மா? ஸ்வெட்டர் மாட்டி உடு."

"வாசல்லயே மலை இருக்குது. இத உட்டுட்டு ஏன் அங்க போறோம்?"

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் ஸ்டுடியோவின் சின்ன டிஜிட்டல் கேமராவை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வர ஆரம்பித்தாள். கோபுரத்தை எடுக்க மாட்டாள். கோபுரத்துக்கு வெளியே குவிந்து கிடக்கும் செருப்பை எடுப்பாள். பூக்கடைக் காசியம்மாள் பூவுக்குத் தண்ணீர் தெளிக்கிற கையை எடுப்பாள். டீ ஆற்றுகிற கை, கோலப்பொடி விடுகிற விரல், சலவைக் கல்லில் அடிக்கத் தூக்கிய துணி. பிறகு அவற்றை வெட்டி வெட்டிச் சேர்ப்பாள். அவள் முதலில் செய்த பெரிய படம் பவுர்ணமி பஸ்ஸைப் பற்றியது. மலை சுற்றிவிட்டு ஊருக்குத் திரும்புகிற கூட்டம் பஸ் ஜன்னல் வழியாக இடம் பிடிக்கிற காட்சி. துண்டு, மஞ்சப்பை, தண்ணீர் பாட்டில், ஒரு கைக்குழந்தை என்று ஜன்னலுக்குள் போவதெல்லாம் ஒரே பஸ்ஸில் இருக்கும். மேலே மலை தன் பாட்டுக்குச் சும்மா நிற்கும். அதை ஸ்டுடியோ வாசலில் மாட்டினார்கள்.

"இதப் பாக்க ஸ்டுடியோவுக்கு வரணுமா? பஸ் ஸ்டாண்டுக்குப் போனா பெருசாவே தெரியுதே" என்றேன்.

 ஆனால் போகிற வருகிறவர்கள் நின்றார்கள். ஒரு கண்டக்டர் வந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது என் பஸ்ஸுதாங்க, ஜன்னல் கம்பி வளைஞ்சிருக்குது பாருங்க" என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். அடுத்த படத்தில் தெருவில் இருக்கும் கைகளையெல்லாம் சேர்த்திருந்தாள். அதில் கண்ணாடி மேல் வைரக்கட்டர் பிடித்த ஒரு கை இருந்தது. அது என் கை. சத்தியமாகச் சொல்கிறேன், என் கை அவ்வளவு அழகு என்று எனக்கு அதுவரை தெரியாது. அந்தப் படத்துக்கு நானே கேட்டு வாங்கித் தேக்குச் சட்டம் போட்டேன். அதற்குப் பிறகு அவளைக் கேலி செய்வது கம்மியாகிவிட்டது, நின்றுவிடவில்லை.

இனி ஜோதியம்மாள். தேரடி வீதி முனையில் தள்ளுவண்டியில் மணலைக் கொதிக்க வைத்து மல்லாட்டை வறுத்து விற்பவர். அவருக்கு எல்லா வேலைக்கும் முன்னால் வருவது இடது கைதான். கரண்டி பிடிப்பது, மணல் சலிப்பது, வறுத்த கொட்டையை உள்ளங்கையில் தேய்த்துத் தூக்கிப் போட்டுத் தோலை ஊதுவது, எல்லாம் அந்தக் கை. அந்தக் கையின் சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். சின்ன வயதில் செக்கில் மாட்டியதாம். பொட்டலத்தை மட்டும் வலது கையால் கொடுப்பார். மறந்து இடது கையால் நீட்டிவிட்டால், "இன்னாமா, பீச்சாங்கையால குடுக்கிற? சோத்துக்கையால குடு" என்று வாங்குகிறவர்கள் முறைப்பார்கள். காலையில் முதல் போணி என்றால் கேட்கவே வேண்டாம். அவர் புருஷன் சின்னசாமி லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். மகள் நந்தினி கைக்குழந்தையாக இருந்தபோதே காமாலையில் போய்விட்டார். அந்த ஒரு வண்டியை வைத்துக்கொண்டு ஜோதியம்மாள் மகளைப் பிளஸ் டூ வரை படிக்க வைத்தார். கீழ்பென்னாத்தூரில் விவசாயக் குடும்பத்து மாறனுக்கு இரண்டாயிரத்து ஐந்து தையில் கல்யாணம் பேசி முடித்தார்.

தெருவே பரசுராமன் வேனில் ஏறிக் கல்யாணத்துக்குப் போனோம். படம் எடுக்கச் சக்கரபாணி முந்தின நாளே போய்விட்டார். முகூர்த்த நேரம். அட்சதைத் தட்டு வந்தது, எல்லாரும் கையில் எடுத்துக்கொண்டு நின்றோம். மணமேடையில் நந்தினி குனிந்து உட்கார்ந்திருந்தாள். தாரை வார்க்கச் சித்தப்பாவும் சித்தியும் நின்றார்கள். ஜோதியம்மாளைக் காணவில்லை. கெட்டிமேளம் கொட்டி, அட்சதை போட்டு, எல்லாம் முடிந்த பிறகுதான் அவர் சமையல் கூடத்திலிருந்து வந்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "யாரு உங்கள உள்ள போவச் சொன்னது? பெத்தவங்க நீங்கதானே?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லலங்க. தாலியறுத்தவ முன்னால நிக்காதன்னு யாராவது சொல்றதுக்கு முந்தி நாமளே போயிட்டா மரியாதை. போட்டோ எடுக்கிறாரு இல்ல, அதுல பாத்துக்கறேன்."

இந்த ஒரு வழக்கத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. வெயிலிலும் மழையிலும் நின்று ஆளாக்கியவர் கரி அடுப்புக்குப் பக்கத்தில், வருஷத்துக்கு ஒருதரம் எட்டிப் பார்த்தவர்கள் மணமேடையில். ஆனால் ஜோதியம்மாள் அன்று வருத்தமாகவே இல்லை. வேனில் திரும்பும்போது எழிலரசியிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"கெட்டிமேளம் கேட்டுது எழிலு. கை சும்மா இருக்கல. ஒலைக்கு வச்சிருந்த அரிசிய ஒரு புடி அள்ளி, சத்தம் வந்த பக்கமா போட்டேன். செவுத்துலதான் பட்டுது. சமையக்காரரு கத்தினாரு பாரு!"

வேனில் எல்லாரும் சிரித்தோம். எழிலரசி மட்டும் சிரிக்காமல் அவர் கையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் ஸ்டுடியோவில் இடி விழுந்தது. சக்கரபாணி கேமராவுக்கு இரண்டு மெமரி கார்டு கொண்டு போயிருந்தார். முந்தின நாள் சாயங்கால வரவேற்புப் படங்கள் இருந்த கார்டு திறந்தது. முகூர்த்தப் படங்கள் இருந்த கார்டு திறக்கவில்லை. சென்னைக்கு எடுத்துப் போய்க் காட்டினார்கள். அங்கேயும் கையை விரித்துவிட்டார்கள். வீடியோ வேண்டாம், போட்டோ போதும் என்று இரண்டு வீட்டாரும் முன்பே சொல்லியிருந்தார்கள். செல்போனில் படம் பிடிக்கிற காலம் எங்கள் தெருவுக்கு அப்போது வரவில்லை. நந்தினிக்குத் தாலி கட்டியதற்குச் சாட்சியாக ஒரு படம் கூட இல்லை.

ஜோதியம்மாள் தினமும் வண்டியைத் திறக்கிறதற்கு முன் ஸ்டுடியோ வாசலில் நின்று, "வந்துட்டுதா எழிலு?" என்று கேட்பார். விஷயத்தைச் சொன்ன அன்று அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். சத்தம் போடவில்லை. "மத்ததெல்லாம் போவட்டும். தாலி கட்டறது ஒண்ணு மட்டும் இருந்தா போதும்மா. நான் அதப் பாக்கல" என்றார். சக்கரபாணி கண் கலங்கிவிட்டார். கல்லுளிமங்கன் என்று நான் நினைத்திருந்த மனிதர்.

திரும்ப மாலை போட்டு, மேடை ஜோடித்து, தாலி கட்டுகிற மாதிரி எடுக்கலாமா என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டுப் பார்த்தார்கள். மாறனின் அம்மா ராஜம்மாள் கண்டிப்பானவர். "கட்டின தாலிய அவுத்துட்டு மறுபடி கட்றதா? எங்க ஊட்ல இந்தப் பேச்சே எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். அதில் அவர் மேல் தப்பில்லை. எந்த வீட்டிலும் அதைத்தான் சொல்வார்கள்.

அப்புறம் மிக்ஸிங்தான் வழி என்றார் சக்கரபாணி. வரவேற்பில் மாறன் நந்தினிக்கு மாலை போடுகிற படம் இருந்தது. கை இரண்டும் கழுத்துப் பக்கம் இருக்கிறது. மாலையை அழித்துவிட்டு மஞ்சள் கயிறு வைத்தால் வேலை முடிந்தது. எழிலரசி செய்தாள். சும்மா சொல்லக் கூடாது, ஒட்டுப் போட்ட இடமே தெரியவில்லை. நான் ஏமாந்து போனேன். ஜோதியம்மாளைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்கள். அவர் குனிந்து பார்த்தார்.

"மாப்பிள்ள யாரப் பாத்துச் சிரிக்கிறாரு?"

மாறன் வரவேற்பில் கூட்டாளிகளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அது. தாலி கட்டும்போது அப்படி யார் சிரிப்பார்கள்? எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை.

"நான் பாக்கலதான்," என்றார் ஜோதியம்மாள். "ஆனா இது நடக்கலன்னு தெரியுது. வேணாம்மா."

அவர் போன பிறகு எழிலரசி அந்தப் படத்தை அழித்துவிட்டாள். சக்கரபாணி தலையில் அடித்துக்கொண்டார். எழிலரசி வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தாள். அப்புறம் என்னிடம் கேட்டாள்:

"ண்ணா, தாலி கட்டினப்போ நீங்க இன்னா பண்ணீங்க?"

"இன்னா பண்ணுவேன்? அட்சத போட்டேன்."

"காசியம்மா?"

"அவங்களும்தான். டீ மாஸ்டரு, சலவைக்காரரு, எல்லாரும்தான் போட்டோம்."

"அந்தக் கையெல்லாம் இங்கதானே இருக்குது!" என்று எழுந்துவிட்டாள்.

அடுத்த ஒரு வாரம் தெருவில் அவள் தொந்தரவு தாங்க முடியவில்லை. முதலில் எல்லாரையும் அட்சதை போடுகிற மாதிரி கையை நீட்டச் சொன்னாள். நீட்டினால் ஒவ்வொரு கையும் விறைத்துக்கொண்டு நின்றது, என் கை பிச்சை கேட்பது போல இருந்தது. "வேணாம், நீங்க உங்க வேலையப் பாருங்க" என்று கேமராவுடன் ஓரமாக நின்றுகொண்டாள். காசியம்மாள் பூவுக்குத் தண்ணீர் தெளித்தார். விரல் விரிந்து துளிகள் பறந்த நேரத்தில் எடுத்தாள். கோலப்பொடி விடுகிற கை, இஸ்திரி போடத் துணிக்குத் தண்ணீர் தெளிக்கிற கை, தராசில் தக்காளி போடுகிற கை. நான் கண்ணாடி துடைத்துவிட்டுத் தூசியை உதறிய கையைக் கூட விடவில்லை. கடைசியாக முனைக்குப் போனாள். ஜோதியம்மாள் கொட்டையைத் தேய்த்துத் தூக்கிப் போட்டுத் தோலை ஊதிக்கொண்டிருந்தார். எதற்கு எடுக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. எழிலரசி தினமும் எதையாவது எடுப்பவள்தானே.

நந்தினியும் மாறனும் ஜோதியம்மாள் வீட்டு விருந்துக்கு வந்தபோது முகூர்த்தப் புடவையையும் வேட்டியையும் கட்டச் சொல்லி ஸ்டுடியோவில் உட்கார வைத்தாள். தாலி ஏற்கனவே கழுத்தில் இருந்தது. இரண்டு பேரையும் ஆசீர்வாதம் வாங்குகிற மாதிரி தலையைக் குனியச் சொன்னாள், அவ்வளவுதான்.

படம் தயாரானதும் என்னையும் சக்கரபாணியையும் கூப்பிட்டாள். ஆல்பத்தில் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே படம். நடுவில் இருவர் தலை குனிந்திருக்கிறார்கள். நான்கு பக்கத்திலிருந்தும் கைகள், மணிக்கட்டு வரை. முகமே கிடையாது. கையை விட்டுக் கிளம்புகிற இடத்தில் பூக்கடைத் தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது, கோலப்பொடி பொடியாகவே இருக்கிறது, மல்லாட்டைத் தோல் தோலாகவே பறக்கிறது. நடுவே வர வர எல்லாம் மஞ்சள் அரிசியாக மாறி அவர்கள் தலையில் விழுகிறது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அன்று மண்டபத்தில் நின்றபோது கூட எனக்கு அப்படி ஆகவில்லை.  சக்கரபாணிக்குள் இருந்த தொழில்காரர் விழித்துக்கொண்டார்.

"கைய எல்லாம் பாத்தியா? சலவைக்காரரு எடது கையால தெளிக்கிறாரு, இஸ்திரிப் பொட்டி வலது கையில இருக்குது இல்ல? அட்சதைய பீச்சாங்கையால போட்ட மாதிரி இருந்தா கல்யாண ஊட்ல நம்மள உதைப்பாங்க."

"பாத்தேன் சார். எடது கைய எல்லாம் திருப்பிப் போட்டுட்டேன். எல்லாம் சோத்துக்கைதான்."

சேட்டு வீட்டுப் பெண் விவகாரத்துக்குப் பிறகு திருப்பிப் போடுவதில் அவள் புலி. மோதிரம், மச்சம், துணிக்கரை எல்லாம் பார்த்துத்தான் திருப்புவாள். எனக்கு வேறு சந்தேகம்.

"ஏம்மா, ஜோதியம்மா அங்க இல்லியே. நடக்காததப் போடக்கூடாதுன்னுதானே அந்தப் படத்த அழிச்ச?"

"அவங்கதான் எல்லாருக்கும் முந்திப் போட்டாங்கண்ணா. செவுரு குறுக்க இருந்துது. செவுத்த எடுத்துட்டேன்."



ஜோதியம்மாளைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தோம். அவர் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். மகள் குனிந்திருப்பதை வெகுநேரம் பார்த்தார். பிறகு கைகளை ஒவ்வொன்றாக அடையாளம் சொல்ல ஆரம்பித்தார். காசியம்மாளுடைய வளையல், டீ மாஸ்டருடைய கறுப்புக் கயிறு, என் கட்டைவிரல் வெட்டு. சிரிப்பும் கண்ணீருமாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் ஒரு கைக்கு வந்ததும் நின்றார்.

"இது யாருது? வெரலு கோணலா இருக்குது. நம்ம தெருவுல யாருக்கு இப்படி?"

எழிலரசி பதறிப்போனாள்.  மோதிரம் பார்த்து, மச்சம் பார்த்துத் திருப்பியவள், கைக்குச் சொந்தக்காரிக்கே கை தெரியாமல் போகும் என்று நினைக்கவில்லை. ஐம்பது வருஷமாக இடது பக்கம் பார்த்துப் பழகிய விரலை வலது பக்கம் காட்டினால் எப்படித் தெரியும்? உடனே அந்தக் கையை மட்டும் மறுபடி திருப்பினாள். திரையில் கை புரண்டு இடது கை ஆனது.

"ஐயோ, என் கை!" என்றார் ஜோதியம்மாள். தன் இடது கையைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். "என் கைதாம்மா. அன்னிக்கும் இந்தக் கையாலதான் போட்டேன். மேளம் கேட்டதும் இதுதான் முன்னால வந்துது."

கொஞ்சம் அழுதார். அழுது முடித்ததும் பயம் வந்துவிட்டது. "எழிலு, திருப்பியே வச்சிடு. பீச்சாங்கை அவங்க ஊட்டு ஆல்பத்துல எதுக்கு? பொண்ணுக்கு ஆவாது. எதுனா சொல்லுவாங்க."

சக்கரபாணியும் அதையே சொன்னார். எழிலரசி முதலாளி சொன்னதை மீறி நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன்.

"திருப்பினா அது உங்க கை இல்லக்கா. உங்களுக்கே தெரியலயே. உங்க கை இல்லன்னா இந்தப் படம் எதுக்கு? மத்த கைய வேணும்னா எப்படி வேணா திருப்பறேன். இத மாட்டேன்."

படம் அப்படியே பிரிண்ட் ஆனது. அதைப் பெரிதாக்கித் தங்கள் வீட்டில் மாட்டுவதற்கு ஒரு பிரதி வேண்டுமென்று மாறனே கேட்டிருந்தான். தேக்குச் சட்டம் போட்டு நானே எடுத்துக்கொண்டு, ஆல்பத்தையும் மடியில் வைத்துக்கொண்டு, பரசுராமன் வேனில் கீழ்பென்னாத்தூருக்குப் போனேன். எழிலரசி வரவில்லை. வேலை இருக்கிறது என்றாள். பயம் என்று எனக்குத் தெரியும். எனக்கும் பயம்தான்.

கூடத்தில் ராஜம்மாள் பாய் விரித்து உட்கார்ந்து படத்தை முன்னால் சாய்த்து வைத்துக்கொண்டார். மாறனும் நந்தினியும் பின்னால் நின்றார்கள். ராஜம்மாளுக்குப் படம் பிடித்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. "இது கோலப்பொடி விடற கைதானே? நல்லா இருக்குதே" என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். மல்லாட்டை போட்டு மல்லாட்டை எடுக்கிற குடும்பம் அது. தோல் பறக்கிற இடத்தில் அவர் விரல் வந்து நின்றுவிட்டது.

"மல்லாட்டத் தோலு பறக்குது. இது பீச்சாங்கையாச்சே! யாரு இது, எம் மவன் கல்யாணத்துல பீச்சாங்கையால அட்சத போட்டது?"

நான் வாயைத் திறந்தேன். என் நீள வாய்க்கும் முந்திக்கொண்டு பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"எங்கம்மா, அத்த" என்றாள் நந்தினி.

"உங்கம்மா அங்க இல்லியே."

"சமையக்கட்டுல இருந்தாங்க. அவங்களுக்கு யாரும் அட்சத குடுக்கல. ஒல அரிசிய எடுத்துப் போட்டாங்க. அவங்களுக்கு அந்தக் கைதான் முன்னால வரும். அந்தக் கையாலதான் மல்லாட்ட வறுத்து என்னப் படிக்க வச்சாங்க."

தலை குனியாமல் முழுசாகச் சொன்னாள். மாறன் அவள் பக்கம் ஒரு அடி நகர்ந்து நின்றான். ராஜம்மாள் திரும்பி மருமகளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.  எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. வந்த வேலையைப் பார்ப்போம் என்று சுத்தியலையும் ஆணியையும் எடுத்துக்கொண்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். எங்கே அடிப்பது என்று கேட்கத் தைரியம் இல்லாமல் உள்ளறைப் பக்கத்துச் சுவரில் ஆணியை வைத்தேன்.

"அங்க எதுக்கு? வாசப்படிக்கு எதுர்ல அடிங்க. வர்றவங்களுக்குத் தெரிய வேணாமா?" என்றார் ராஜம்மாள்.

இறங்கி, ஸ்டூலை இழுத்து, மறுபடி ஏறினேன். ஸ்டூல் ஒரு பக்கம் ஆடியது. ராஜம்மாள் எழுந்து வந்து அதைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் நான் திரும்பியபோது எழிலரசி ஸ்டுடியோ வாசலிலேயே நின்றிருந்தாள். தெருமுனையில் ஜோதியம்மாளும் கரண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். நந்தினி பேசியதைச் சொன்னபோது எழிலரசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஸ்டூல் விஷயத்தைச் சொன்னதும் அவளுக்குப் பழைய குறும்பு வந்துவிட்டது.

"எந்தக் கையாலண்ணா புடிச்சாங்க?"

"ரெண்டு கையாலயும்மா" என்றேன்.